மணியோசையும் கடிகாரமும்



நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த முதற்பள்ளியில் மின்மணி கிடையாது. முற்றத்து வேப்பமரக் கிளையில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். பள்ளிப் பணியாளர் ஒருவர் இரும்புக் கோலால் அதனை அடிப்பார். அவ்வோசை கேட்டு நானூறு பிள்ளைகள் எழுவர், அமர்வர். அப்பெரியவருக்கு ஒரு வழக்கம் உண்டு. அடிக்கும் முன்னர், ஒவ்வொரு முறையும், அலுவலகத்துச் சுவர்க்கடிகாரத்தை ஒரு தடவை எட்டிப் பார்ப்பார். எத்தனை ஆண்டுப் பழக்கம் இருந்தும், அந்த ஒரு பார்வையை அவர் விட்டதே இல்லை.

ஒருநாள் அவர் விடுப்பில் இருந்தார். அவர் இடத்துக்கு வந்த இளைஞர் வேறொரு முறையைக் கையாண்டார். ஒரு மணி அடித்ததிலிருந்து நாற்பது நிமிடம் எண்ணி, அடுத்த மணியை அடித்தார். இடையே தலைமையாசிரியர் கூப்பிடுவார். யாரேனும் பேச்சுக் கொடுப்பார். ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ தாமதமாகும். அடுத்த நாற்பது நிமிடத்தையும் அந்தத் தாமதத்திலிருந்தே அவர் எண்ணத் தொடங்குவார். எட்டாம் பாடவேளை முடிந்தபோது பள்ளி பதினொரு நிமிடம் பின்தங்கியிருந்தது. மாலைப் பேருந்து போய்விட்டது. பிள்ளைகள் பலர் அன்று நடந்தே ஊர் போய்ச் சேர்ந்தனர்.

மணி வேறு; கடிகாரம் வேறு. மணி நம்மை எழுப்புகிறது; கடிகாரம் நேரத்தைச் சொல்கிறது. முன்னதன் வேலையைப் பின்னதற்கும், பின்னதன் வேலையை முன்னதற்கும் மாற்றிக் கொடுத்தால் துன்பம் விளையும். இந்த எளிய உண்மையைத் தண்டவாள மணியில் கண்ட நான், பல ஆண்டுகள் கழித்துக் கணிப்பொறியில் அதனை மறந்துபோனேன். அதனால் விளைந்த ஒரு பிழையையும், அதிலிருந்து நான் கற்ற பாடத்தையுமே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். மேசைக் கணிப்பொறியில் ஓடும் நிரல்களில், விரைந்து துடிக்கும் டைமர்களை எவ்வாறு பயன்படுத்த வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

டைமர் என்பது யாது? “இத்தனை மில்லி விநாடிக்கு ஒருமுறை என்னை எழுப்பு” என்று நிரலானது இயங்குதளத்திடம் செய்துகொள்ளும் வேண்டுகோளே டைமர். ஒரு விநாடியை ஆயிரம் கூறாக்கினால் அவற்றுள் ஒரு கூறு மில்லி விநாடி. விநாடிக்கு ஒருமுறை எழுப்பச் சொன்னால் அது மெதுவான டைமர். விநாடிக்கு அறுபது முறை, நூறு முறை, ஆயிரம் முறை எழுப்பச் சொன்னால் அதுவே மிகுவிரைவு டைமர். திரையில் உருவங்களை நகர்த்துவதற்கும், இசைக்கருவியின் தாளத்தைப் பிசகாமல் ஒலிப்பதற்கும், ஆய்வுக்கருவியின் அளவுகளைக் குறிப்பதற்கும் இவை வேண்டப்படுகின்றன.

2017ஆம் ஆண்டில் நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியில் ஒரு தட்டச்சுப் போட்டி நடத்தினோம். கணிதம் பயின்ற எனக்கு, பணியிடைப் பயிற்சி ஒன்றில் நிரல் எழுதும் கலை சிறிது கைவந்திருந்தது. அந்த ஊக்கத்தால் போட்டிக்கான நிரலை நானே எழுதினேன். பத்து நிமிடம் தட்டச்சுச் செய்ய வேண்டும். நேரம் முடிந்ததும் திரை தானே பூட்டிக்கொள்ளும். நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று கணக்கும் காட்டும். நேரத்தை அளக்க நான் செய்த ஏற்பாடு மிக எளியது. நிரல் 100 மில்லி விநாடி உறங்கும், விழித்ததும் கணக்கில் விநாடியின் பத்தில் ஒரு பங்கைக் கூட்டும், மீண்டும் உறங்கும். 6,000 முறை விழித்தால் 600 விநாடி. அதாவது பத்து நிமிடம். கணக்கில் குறை உண்டா? தாளில் இல்லை.

இறுதிச் சுற்றில் ஒரு மாணவியும் ஒரு மாணவனும் இருந்தனர். ஒரே வகையான இரு கணிப்பொறிகளில், நான் கை தட்டியவுடன் இருவரும் ஒருங்கே தொடங்கினர். மாணவியின் கணக்கு நிமிடத்துக்கு 34 சொற்கள். மாணவனின் கணக்கு 35. ஒரு சொல் வேறுபாட்டில் அவன் வென்றான். வட்டாரப் போட்டிக்கு அவன் பெயரை அனுப்பினோம். அப்போது அம்மாணவி தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள். “ஐயா, எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில்தான் தொடங்கினீர்கள். என் திரை பூட்டிக்கொண்ட பிறகும் அவன் தட்டச்சுச் செய்துகொண்டே இருந்தான்” என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “கணிப்பொறி பொய் சொல்லாது, அம்மா. தோல்வியை ஏற்றுக்கொள்ளப் பழகு” என்றேன். அவள் ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனாள்.

அன்றிரவு என் உள்ளம் அமைதி கொள்ளவில்லை. மறுநாள் இரு கணிப்பொறிகளிலும் அந்நிரலை ஓடவிட்டு, என் கைக்கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தேன். மாணவி அமர்ந்திருந்த கணிப்பொறியில் பத்து நிமிடம், ஏறக்குறையப் பத்து நிமிடமாகவே இருந்தது. மாணவனின் கணிப்பொறியிலோ பத்து நிமிடம் 56 விநாடி! அவனுடைய உண்மையான வேகம் 32 சொற்களே. மிகுதியாகக் கிடைத்த நேரம் அதனை 35 ஆக்கிக் காட்டியது. சரியான கடிகாரம் வாய்த்தவளே தோற்றாள்.

இப்பிழையைத் திருத்த நான் முதலில் மேற்கொண்ட வழி, பலரும் மேற்கொள்ளும் தவறான வழியேயாகும். துடிப்பை விரைவாக்கினால் அளவு நுட்பமாகும் என்று எண்ணினேன். 100 மில்லி விநாடிக்கு மாறாக 10 மில்லி விநாடிக்கு ஒருமுறை விழிக்குமாறு நிரலை மாற்றினேன். விளைவு யாது? பத்து நிமிடம் என்றது பதினைந்து நிமிடம் 37 விநாடியாக நீண்டது. நுட்பம் மிகும் என்று நினைத்த இடத்தில் பிழையே மிகுந்தது. காரணம் விளங்காமல் மூன்று வாரம் நூல்களோடு போராடினேன். அதற்குள் வட்டாரப் போட்டியும் முடிந்துவிட்டது.

அக்காரணத்தை இப்போது விளக்குவேன். கணிப்பொறியின் உள்ளே ஒரு சிறு குவார்ட்ஸ் படிகம் இடைவிடாது அதிர்ந்துகொண்டிருக்கிறது. அவ்வதிர்வுகளை எண்ணும் மின்சுற்று, குறித்த எண்ணிக்கை வந்ததும் மையச் செயலியைத் தட்டி எழுப்புகிறது. இதனைக் குறுக்கீடு என்பர். 1981ஆம் ஆண்டு வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணிப்பொறியில் இவ்வேலையை இன்டெல் 8253 என்னும் சில்லு செய்தது. அது விநாடிக்கு 11,93,182 அதிர்வுகளை எண்ணும். 65,536 எண்ணியதும் ஒருமுறை தட்டும். வகுத்துப் பார்த்தால் விநாடிக்கு ஏறக்குறைய 18.2 தட்டல், இரு தட்டல்களுக்கு இடையே 55 மில்லி விநாடி. இன்றைய விண்டோஸ் இயங்குதளத்தில் வழக்கமான துடிப்பு விநாடிக்கு 64. அஃதாவது, 15.625 மில்லி விநாடிக்கு ஒருமுறை.

உறங்கும் நிரலை இயங்குதளம் எழுப்புவது இந்தத் துடிப்புகளின் போதுதான். பேருந்து நிறுத்தத்தில் நிற்பவரை எண்ணிக்கொள்ளுங்கள். நாம் வேண்டிய நேரத்தில் பேருந்து வாராது. அது வரும் நேரத்தில்தான் நாம் ஏறமுடியும். 100 மில்லி விநாடி உறங்கச் சொன்னால், ஆறு துடிப்புகள் 93.75 மில்லி விநாடியில் முடிந்துவிடுகின்றன, அது போதாது. ஆகவே ஏழாம் துடிப்புக்குக் காத்திருக்க வேண்டும். ஏழு துடிப்புகள் 109.375 மில்லி விநாடி. இதனை 6,000 முறை செய்தால் 656 விநாடி ஆகிறது. 10 மில்லி விநாடி உறங்கச் சொன்னாலோ, ஒரு முழுத் துடிப்பாகிய 15.625 மில்லி விநாடி கழிந்த பின்னரே எழுப்பப்படும். பிழை பாதிக்கு மேல் ஏறிவிடுகிறது. நான் கண்ட இரு விந்தைகளுக்கும் காரணம் இதுவே.

அங்ஙனமாயின், மாணவியின் கணிப்பொறி மட்டும் ஏன் சரியாக ஓடியது? அன்று காலை வழிபாட்டுக்காக அதில் இசை நிரல் ஒன்றைத் திறந்திருந்தோம். வழிபாடு முடிந்தபின் ஒலியை அடக்கினோமே தவிர, நிரலை மூடவில்லை. இசையும் காணொளியும் தடையின்றி ஓட நுட்பமான துடிப்பு வேண்டும். ஆகவே அத்தகைய நிரல்கள் பல, “துடிப்பை ஒரு மில்லி விநாடியாக்குக” என்று விண்டோஸிடம் வேண்டிக்கொள்ளும். அவ்வேண்டுகோளுக்குரிய ஆணைக்கு டைம் பிகின் பீரியட் என்று பெயர். அந்நாளில் ஒரு நிரல் இவ்வாறு வேண்டினால், கணிப்பொறி முழுமைக்கும் துடிப்பு மாறிவிடும். ஒரு வீட்டில் அடித்த மணி தெருவையெல்லாம் எழுப்பியது போல, என் நிரலும் அந்தத் துடிப்பில் விழித்தது. ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு நிரல்கள். ஒன்றின் செயல் மற்றொன்றின் கணக்கை மாற்றியது.

துடிப்பை ஒரு மில்லி விநாடியாக்கிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். தீராது. இரண்டு காரணங்கள் சொல்வேன்.

முதற்காரணம், மணி எவ்வளவு விரைவாக அடித்தாலும், அதனைக் கேட்பவர் வேறு வேலையில் இருந்தால் பயன் இல்லை. விண்டோஸில் சாளரத்தோடு ஓடும் நிரல் ஒவ்வொன்றுக்கும் ஒரு செய்தி வரிசை உண்டு. விசை அழுத்தப்பட்டது, சுட்டி நகர்ந்தது என்பன போன்ற செய்திகள் அவ்வரிசையில் வரும். செட் டைமர் என்னும் ஆணையால் அமைத்த டைமரின் செய்தியோ, வேறு செய்தி எதுவும் காத்திராத போதுதான் எடுத்துக் கொடுக்கப்படும். தலைமையாசிரியர் அறை வாயிலில் பெற்றோர் வரிசையில் நிற்கும்போது, “அப்புறம் வருகிறேன், ஐயா” என்று ஒதுங்கி நிற்கும் பணிவான எழுத்தரைப் போன்றது அது. அவ்வாறு ஒதுங்கி நிற்கையில் மூன்று முறை மணி அடித்திருந்தாலும், முடிவில் உள்ளே வருவது ஒரே செய்திதான். மற்ற இரண்டும் அதனோடு கலந்துவிடும். வந்த செய்திகளை எண்ணி நேரம் கணிப்பவன் ஏமாறுவான் என்பது வெளிப்படை.

இரண்டாம் காரணம், விரைந்த துடிப்புக்கு விலை உண்டு. வேலை இல்லாதபோது இன்றைய செயலி ஆழ்ந்த உறக்கத்துக்குப் போய் மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறது. விநாடிக்கு 64 முறை எழுப்புவதும் 1,000 முறை எழுப்புவதும் ஒன்றாகுமா? தூங்கும் குழந்தையை ஓயாமல் தட்டி எழுப்புவது போன்றதே அது. மடிக்கணிப்பொறியில் மின்கலம் விரைவில் வற்றிவிடும். ஒரு நிரலின் பேராசைக்குக் கணிப்பொறி முழுவதும் விலை கொடுக்க நேர்கிறது.

இயங்குதளங்களை ஆக்கியோர் இக்கேட்டினை உணர்ந்தனர். நெறிகள் சில வகுத்தனர். லினக்ஸ் கருவில் 2007ஆம் ஆண்டு, வேலை இல்லாத வேளையில் வழக்கமான துடிப்பையே நிறுத்திவைக்கும் முறை வந்தது. அடுத்து யாரை எப்போது எழுப்ப வேண்டுமோ, அந்த நேரத்துக்கு மட்டும் மணி வைக்கப்படும். ஆப்பிள் நிறுவனத்தின் மேக் இயங்குதளத்தில் 2013ஆம் ஆண்டு மேவரிக்ஸ் பதிப்பு வந்தபோது, அடுத்தடுத்து ஒலிக்க வேண்டிய மணிகளைச் சற்றே முன்பின்னாக நகர்த்தி ஒன்றாகச் சேர்த்து அடிக்கும் முறை புகுத்தப்பட்டது. பத்துப் பேருக்குப் பத்து வண்டி விடாமல், ஒரே வண்டியில் ஏற்றிச் செல்லும் சிக்கனம் அது. விண்டோஸ் 10இன் 2004 என்னும் பதிப்பு 2020ஆம் ஆண்டில் வந்தபின், ஒரு நிரல் நுண்துடிப்பு வேண்டினால் அதன் பயன் வேண்டிய நிரலுக்கே உரியதாயிற்று. அயல் நிரலின் உறக்கத்தை அது மாற்றுவதில்லை. விண்டோஸ் 11இலோ, தன் சாளரம் முழுதும் மறைக்கப்பட்டோ, சுருக்கப்பட்டோ கிடக்கும் நிரலுக்கு நுண்துடிப்பு கிடைக்கும் என்னும் உறுதியும் இல்லை. எனவே, எங்கள் பள்ளியில் நேர்ந்த அதே விந்தை இன்று அதே வடிவில் நேராது. ஆனால் மணியை எண்ணி நேரம் கணிக்கும் தவறு எந்தப் பதிப்பிலும் தவறே.

சரியான வழி யாது? வேப்பமரத்தடிப் பெரியவரின் வழியே. எழுப்பப்படும்போதெல்லாம் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். தொடங்கிய வேளையில் கடிகாரம் காட்டியதைக் குறித்துக்கொள்க. விழிக்கும் ஒவ்வொரு முறையும் இப்போது காட்டுவதிலிருந்து அதனைக் கழிக்க. கிடைப்பதே கழிந்த நேரம். துடிப்பு பிந்தினாலும், சில துடிப்புகள் காணாமற்போனாலும், கழித்தல் கணக்குப் பிழைபடாது. பிந்துதல் உண்டாயினும் அது அந்த ஒரு துடிப்போடு முடிந்துவிடும். அடுத்ததில் ஏறிக் குவியாது.

எந்தக் கடிகாரத்தைப் பார்ப்பது என்பதும் கருதத்தக்கது. கணிப்பொறியில் இருவகைக் கடிகாரங்கள் உள்ளன. ஒன்று, திரையின் ஓரத்தில் மணியும் நிமிடமும் காட்டும் நாட்கடிகாரம். அதனை யாரும் முன்னும் பின்னும் திருப்பலாம். இணையத்தின் வழியே அது தன்னைத்தானே திருத்திக்கொள்வதும் உண்டு. தேர்வு நடக்கும்போது குறும்புக்கார மாணவன் அதனை ஐந்து நிமிடம் பின்னுக்குத் தள்ளினால் என்னாகும்? ஆகவே இடைவெளியை அளக்க அது உதவாது. மற்றொன்று, பின்னோக்கிச் செல்லாது முன்னோக்கி மட்டுமே எண்ணிச் செல்லும் எண்ணி. விண்டோஸில் அதனைக் குவெரி பெர்ஃபார்மன்ஸ் கவுண்டர் என்னும் ஆணையால் படிக்கலாம். டாட் நெட் வழியே எழுதுவோர்க்கு ஸ்டாப்வாட்ச் என்னும் பெயரில் அது எளிதாகவே கிடைக்கும். ஒரு மில்லி விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கையும் அளக்கும் நுட்பம் அதற்கு உண்டு. மணி 15 மில்லி விநாடிக்கு ஒருமுறையே அடித்தாலும், இந்தக் கடிகாரத்தின் நுட்பம் குறைவதில்லை என்பதை உளங்கொள்க.

திரையில் உருவங்களை நகர்த்தும் நிரலுக்கும் இதே நெறிதான். பல திரைகள் விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகின்றன. ஒரு படத்துக்கு 16.67 மில்லி விநாடி. இதனை அறிந்த மாணவர் ஒருவர், 16 மில்லி விநாடி உறங்கி எழுந்து படம் வரைவதாக நிரல் எழுதுகிறார் எனக் கொள்வோம். வழக்கமான துடிப்பில் என்ன கிடைக்கும்? ஒரு துடிப்பு 15.625, அது 16க்குச் சற்றே குறைவு. எனவே இரண்டு துடிப்பு, அதாவது 31.25 மில்லி விநாடி காத்திருக்க நேரும். அவர் கேட்டது விநாடிக்கு அறுபது, கிடைப்பது 32. ஒரு துடிப்புக்கு ஒரு புள்ளி என்று பந்தை நகர்த்தினால், பந்து பாதி வேகத்தில் ஊர்ந்து செல்லும். நண்பரின் கணிப்பொறியில் அதே பந்து பாய்ந்து செல்லும். கழிந்த நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்து, வேகத்தை நேரத்தால் பெருக்கிப் பந்தின் இடத்தைக் குறித்தால், எங்கும் பந்து ஒரே வேகத்தில் செல்லும். அசைவு சீராகத் தோன்ற வேண்டுமானால், டைமரை விட்டுவிட்டுத் திரை புதுப்பிக்கப்படும் வேளையையே மணியாகக் கொள்வது இன்னும் சிறந்தது. திரை மாறாதபோது வரைந்த படத்தைக் காண்பவர் யார்?

ஆயினும், நுண்துடிப்பு எங்கும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இசைத்தட்டின் தரத்தில் ஓர் ஒலி விநாடிக்கு 44,100 எண்களாகப் பதியப்படுகிறது. 10 மில்லி விநாடிக்கு 441 எண்களை ஒலிக்கருவிக்கு இடையறாது ஊட்ட வேண்டும். ஒருமுறை பிந்தினாலும் காதுக்கு வெடிப்பொலி கேட்கும். இங்கே நுட்பம் ஆடம்பரமன்று, தேவை. விண்டோஸ் 10இல் 2018ஆம் ஆண்டு முதல், இத்தகைய தேவைக்கென்றே நுண்டைமர் ஒன்றைத் தனியே அமைத்துக்கொள்ளும் வசதியும் உண்டு. தேவை உள்ள இடத்தில் கேட்பதும், வேலை முடிந்தவுடன் திருப்பிக் கொடுப்பதும் நல்ல நிரலரின் ஒழுக்கம்.

சிறு பிழை என்ன செய்துவிடும் என்று கேட்போர்க்கு இரண்டு செய்திகள் சொல்வேன். விண்டோஸ் 95, 98 பதிப்புகளில் கணிப்பொறி தொடங்கியதிலிருந்து கழிந்த மில்லி விநாடிகளை 32 இரும இலக்கங்களில் எண்ணினர். அதில் அடங்குவது 4,29,49,67,296 வரையே. அவ்வளவு மில்லி விநாடி 49.7 நாள். இடைவிடாது அத்தனை நாள் ஓடினால் அக்கணிப்பொறி செயலற்று நின்றுவிடக்கூடும் என்பது பின்னர் வெளிப்பட்டது.

மற்றொரு செய்தி மேசைக் கணிப்பொறியைச் சார்ந்ததன்று, போர்க்களத்தைச் சார்ந்தது. எனினும், துடிப்பை எண்ணிப் பெருக்கி நேரம் கணிக்கும் அதே முறையில் நேர்ந்த பிழையாதலின் இங்கே சொல்கிறேன். 1991ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள், வளைகுடாப் போரின்போது, சவுதி அரேபியாவின் தஹ்ரான் நகரில் அமெரிக்கரின் பேட்ரியட் ஏவுகணைக் காவல் அமைப்பு ஒன்று இருந்தது. அதன் கணிப்பொறி விநாடியின் பத்தில் ஒரு பங்கை ஒரு துடிப்பாக எண்ணியது. எண்ணிக்கையைப் பத்தில் ஒன்றால் பெருக்கி விநாடியாக்கியது. பத்தில் ஒன்று என்பது நமக்கு எளிய எண். இரும எண்முறையிலோ அது முடிவின்றி நீளும். 24 இலக்கத்தோடு அதனை வெட்டிவிட்டனர். ஒரு துடிப்பில் நேர்ந்த பிழை விநாடியின் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் அமைப்பு நூறு மணி நேரத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. நூறு மணி நேரத்தில் 36 லட்சம் துடிப்புகள். பிழை திரண்டு விநாடியில் மூன்றில் ஒரு பங்காயிற்று. அந்தச் சிறு பொழுதில் ஸ்கட் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கும் மேல் பறந்துவிடும். காவல் அமைப்பு வானத்தில் தவறான இடத்தைத் தேடியது. வந்த ஏவுகணையைத் தடுக்கவில்லை. வீரர்கள் 28 பேர் மாண்டனர். பிழை திருத்திய நிரல் அவ்விடம் வந்து சேர்ந்தது மறுநாள்.

மாணவச் செல்வங்களே, உங்களுள் பலர் நாளை நிரல் எழுதுவோராகப் போகிறீர்கள். அதனால் சில நெறிகளைத் தொகுத்துச் சொல்கிறேன். மணியை எண்ணாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். இது முதலாவது. அடுத்த மணி எப்போது என்பதை முந்திய மணியிலிருந்து கணிக்காமல், தொடங்கிய வேளையிலிருந்து கணியுங்கள். கால அட்டவணை உள்ள பள்ளி பின்தங்குவதில்லை. டைமர் எழுப்பியவுடன் செய்யும் வேலை சுருக்கமாக இருக்கட்டும். ஒரு மணிக்குரிய வேலை முடியுமுன் மறுமணி அடித்தால் குழப்பமே மிஞ்சும். தேவைக்கு மேல் விரைவு கேட்காதீர்கள். கேட்டதை வேலை முடிந்ததும் விட்டுவிடுங்கள். நிறைவாக, எழுதிய நிரலை ஒரே கணிப்பொறியில் ஓட்டிப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். வேறு பல நிரல்கள் ஓடும்போதும், வேறு கணிப்பொறியிலும், கைக்கடிகாரத்தோடு ஒத்துப் பாருங்கள்.

அம்மாணவியின் கதையைச் சொல்லி முடிக்கிறேன். காரணம் விளங்கிய மறுநாள், காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பள்ளி முழுவதும் கேட்க, பிழை என்னுடையது என்று சொன்னேன். அவளிடம் மன்னிப்பும் கேட்டேன். அவன் பெற்ற பரிசுக்கு ஈடாக அவளுக்கும் ஒரு பரிசு வழங்கினோம். ஆயினும் வட்டாரப் போட்டியை யாரால் திரும்பக் கொண்டுவர முடியும்? கூட்டம் கலைந்தபின் அவள் என்னிடம் வந்தாள். கோபமின்றி, உண்மையாகவே அறிய விரும்பும் குரலில், “ஐயா, நான் வந்து சொன்ன அன்றைக்கே உங்கள் கைக்கடிகாரத்தை ஒருமுறை பார்த்திருக்கலாமே?” என்று கேட்டாள்.

பார்த்திருக்கலாம். கணிப்பொறியை நம்பிய நான், கண்ணால் கண்டு வந்து சொன்ன பிள்ளையை நம்பவில்லை. நிரலில் நேர்ந்த பிழையைத் திருத்த மூன்று வரிகளே போதுமாயிருந்தன. இந்தப் பிழையை நான் இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறேன்.